பந்தைப் பார் என்றால் போதுமா?

மாலை வேளையில் மைதானத்தில் சாப்ட்பால் பயிற்சி நடக்கும்போது, ஓரத்தில் நிற்கிற யாவருமே பயிற்சியாளர்களாகி விடுகிறார்கள். "பந்தைப் பார்!", "முழங்கையைத் தூக்கு!", "பயப்படாதே!" என்ற மூன்று கட்டளைகளும் மாறி மாறி எழுகின்றன. சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் இம்மூன்றும் எந்தச் சிறுமியின் மட்டை வீச்சையும் திருத்தமாட்டா என்பதே எங்கள் கருத்து. மட்டையில் பந்து படவில்லை என்பது எல்லாருக்கும் தெரிகிறது. ஏன் படவில்லை என்று தேடுபவர்கள்தாம் குறைவு. அந்தத் தேடல் இல்லாததால், ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே "உனக்கு இது வராது" என்ற தீர்ப்பைப் பெற்றுக்கொண்டு சில தங்கைகள் மைதானத்தை விட்டே போய்விடுகிறார்கள்.

பெற்றோர்களில் பலர் இவ்வாட்டத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆகையால் சிறிது விளக்கம் கூறுகிறோம். 1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், பேஸ்பாலை அரங்கத்துக்குள் ஆடும் முயற்சியாக இது பிறந்தது. 1996 முதல் 2008 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் பெண்களுக்கு இது இடம்பெற்றது. 2021இல் டோக்கியோவில் மீண்டும் நடந்தபோது ஜப்பான் பெண்கள் தங்கம் வென்றார்கள். பெயரில்தான் மென்மை உண்டு, பந்தில் இல்லை. சுற்றளவு 12 அங்குலம். எடை ஏறக்குறைய 190 கிராம். கிரிக்கெட் பந்தைவிடக் கனம். பிட்சர் 43 அடி தூரத்தில் நின்று கையைக் கீழிருந்து சுழற்றி எறிகிறாள். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து முக்கால் வினாடிக்குள் நம்மிடம் வந்துவிடும். அதற்குள் பந்தைக் கண்டு, அடிக்கலாமா விடலாமா என்று முடிவு செய்து, மட்டையையும் வீசியாக வேண்டும். அந்த நேரத்தில் ஓரத்திலிருந்து வரும் கூக்குரல் காதில் ஏறுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மட்டை வீச்சு பாதத்தில் தொடங்கி, இடுப்பு, தோள், கை என்று ஏறி, கடைசியில்தான் மட்டைக்கு வருகிறது. ஆகையால் கையில் தெரியும் குறை காலில் பிறந்ததாக இருக்கலாம். காய்ச்சல் என்றவுடன் நெற்றியில் ஈரத்துணி போடலாம், தவறில்லை. ஆனால் காய்ச்சல் எதனால் வந்தது என்று டாக்டர் பார்க்காமல் விடுவதில்லை. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் இந்த முறையைத்தான் கூறியிருக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. வலக்கைக்காரி ஒருத்தி பந்து வரும்போது இடக்காலைப் பிட்சரை நோக்கி வைக்காமல், மூன்றாம் பேஸ் பக்கமாக விலக்கி வைக்கிறாள். கால் விலகியதும் இடுப்பு திறக்கிறது. இடுப்போடு தோள் போகிறது. தோளோடு தலையும் திரும்பிவிடுகிறது. ஓரத்தில் நிற்பவர்களுக்குத் தெரிவது தலை மட்டுமே. உடனே "பந்தைப் பார்!" என்கிறார்கள். அவளும் கண்ணை அகல விழித்துக்கொண்டு மறுபடியும் காலை விலக்குகிறாள். கண் என்ன செய்யும், பாவம்!

சரி, கால் ஏன் விலகுகிறது? இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பந்தை ஒரு டீயின் மேல் அசையாமல் வைத்து அவளை அடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் கால் விலகினால் அது பழக்கம். குதிகாலுக்குப் பின்னால் ஒரு ஸ்கிப்பிங் கயிற்றை நீட்டிப் போட்டு, அதை மிதிக்காமல் அடிக்கப் பழக்கினால் நாளடைவில் மாறிவிடும். டீயில் கால் நேராகப் போய், எறிந்த பந்துக்கு மட்டும் விலகினால் அது அச்சம். அச்சத்திற்குக் கயிறு மருந்தாகாது. "பயப்படாதே" என்ற சொல்லும் மருந்தாகாது. கனமான பந்து மேலே பட்டால் வலிக்கும் என்று அவள் நினைப்பது உண்மைதானே? அவளுக்குத் தலைக்கவசம் கொடுக்கவேண்டும். பந்து உடம்பை நோக்கி வந்தால் எப்படித் தப்புவது என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பின்னால் சாயாமல், கேட்சர் பக்கமாகத் திரும்பி, மோவாயை மார்போடு சேர்த்து, முதுகைக் காட்டவேண்டும். இதை முதலில் டென்னிஸ் பந்தால் பத்து இருபது முறை பழகினால், தப்பும் வழி தெரிந்துவிட்ட தைரியத்தில் கால் தானாகவே நேராக வரும்.

அடுத்து மட்டையின் எடை. இதை நாங்கள் சற்று அழுத்தியே கூற விரும்புகிறோம். பல பள்ளிகளில் ஒரு மட்டை, மிஞ்சினால் இரண்டு மட்டைதான் இருக்கும். அதுவும் பெரிய அக்காமார்களின் அளவுக்கு வாங்கியதாக இருக்கும். ஆறாம் வகுப்புச் சிறுமி அதை வீசும்போது, கனம் தாங்காமல் கைகள் உடம்பை விட்டு வெளியே ஓடுகின்றன. மட்டை வலை வீசுவதுபோலப் பெரிய வட்டம் போட்டு வருகிறது. வட்டம் பெரிதானால் நேரம் கூடுகிறது; பந்து கேட்சரின் கையுறைக்குப் போன பிறகு மட்டை வந்து சேர்கிறது. வேறு சிலருக்குப் பின்தோள் சரிந்து, மட்டையின் தலை தொங்கி, பந்து நேரே வானத்துக்கு ஏறிக் கையில் பிடிபடுகிறது. இருவருக்கும் குறை வெவ்வேறாகத் தோன்றினாலும் காரணம் ஒன்றே. மட்டையை ஒரு கையால் பிடித்து, பக்கவாட்டில் தோள் உயரத்திற்கு நீட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். இருபது எண்ணுவதற்குள் கை நடுங்கினால் அந்த மட்டை அவளுக்கு உரியதன்று. வேறு மட்டை இல்லையெனில், கைப்பிடியில் இரண்டு அங்குலம் மேலே ஏற்றிப் பிடிக்கச் செய்தாலே பாதிக் கனம் குறைந்ததுபோல் இருக்கும். சிறுமியைத் திருத்துமுன் மட்டையைத் திருத்துங்கள் என்று வேண்டிக்கொள்கிறோம்.

தக்க எடையுள்ள மட்டை கொடுத்த பிறகும் கை வெளியே ஓடினால், துணி காயப்போடும் கொடியில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிடலாம். மட்டையின் ஒரு முனையை வயிற்றில் வைத்தால் மறுமுனை போர்வையைத் தொடும் தூரத்தில் நின்று வீசவேண்டும். கைகளை உடம்புக்கு அருகில் கொண்டுவந்தால் போர்வை அசையாது. வட்டம் போட்டால் அசைந்து காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு யாரும் அருகில் நின்று கத்தவேண்டியதில்லை.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் அண்ணன் தம்பிகளோடு தெருவில் கிரிக்கெட் ஆடிவிட்டே இங்கு வருகிறோம். கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும். மட்டையை நேராகத் தொங்கவிட்டுத் தடுக்கலாம். விட்டுவிட்டால் அதிலேயே ஆட்டம் முடிவதில்லை. சாப்ட்பாலில் பந்து தரையைத் தொடாமல், அக்குளுக்கும் முழங்காலுக்கும் நடுவே வருகிறது. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் வெளியே போகவேண்டியதுதான். ஆகையால் மட்டை பந்தின் வழியோடு படுக்கையாக வரவேண்டும். பிடியும் வேறு. மட்டையை உள்ளங்கையில் புதைக்காமல் விரல்களில் தாங்கி, இரு கைகளிலும் கதவைத் தட்டும் கணுக்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கும்படி பிடிக்கவேண்டும். அடித்தபின் மட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு முதல் பேஸுக்கு ஓடுவதும் தெருக் கிரிக்கெட் தந்த சீதனமே!

"முழங்கையைத் தூக்கு" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பின் முழங்கையை மேலே தூக்கி வைத்திருந்தால், வீசும்போது அது மறுபடி கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். வலிமையுள்ள பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். சிறுமிகளுக்கு அந்த இறக்கத்திலேயே நேரம் வீணாகிறது. அதுபோலவே "மட்டையைத் தரைக்குச் சமமாக வீசு" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முழங்கால் உயரத்தில் வரும் பந்துக்கு மட்டையின் தலை கைகளை விடத் தாழ்ந்துதான் இருக்கும். பின்தோளும் சிறிது இறங்கும். அதைக் குறை என்று திருத்தப் போனால் நன்றாக அடிக்கிறவளும் கெட்டுப்போவாள்.

பார்வைக்கு விசித்திரமாக இருப்பதெல்லாம் குறையன்று. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் நடாஷா வாட்லி, இடப்பக்கம் நின்று ஓடத் தொடங்கிக்கொண்டே பந்தைத் தட்டிவிடும் 'ஸ்லாப்' அடியில் புகழ்பெற்றவர். அந்தக் கால்களை நம் மைதானத்தில் பார்த்தால் எத்தனை பேர் "அசையாமல் நில்!" என்று கூவியிருப்பார்கள்!

எந்தக் குறையானாலும் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நலம். கால், கை, தலை என்று மூன்றையும் ஒரே மாலையில் சொன்னால் கேட்பவள் கல்லாய்ச் சமைந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பெற்றோர் ஒருவர் தம் கைபேசியில் பக்கவாட்டிலிருந்து படம் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டினால் பேருதவியாக இருக்கும். (பள்ளி நாட்களில் கைபேசிக்கு இடமில்லை என்பதை அருட்சகோதரிகள் நினைவூட்டத் தேவையில்லை!) தன் கால் விலகுவதைத் தானே பார்த்தவளுக்கு மறுபடி சொல்லவேண்டியிராது.

டீ வாங்கப் பணம் வேண்டுமே என்பார்கள். பழைய பெயிண்ட் வாளியில் சிமெண்ட் கலவையை ஊற்றி, நடுவே இடுப்புயரத்திற்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை நட்டு, அதன் நுனியில் சற்று அகலமான ரப்பர் குழாய்த் துண்டைச் செருகினால் டீ ஆயிற்று. இதோடு எடை குறைந்த மட்டை ஒன்றும், சிறிய அளவுத் தலைக்கவசம் ஒன்றும் கிடைத்தால் போதும். வரும் ஜூன் மாதம் புதிய அணிக்குத் தேர்வு நடக்கும்போது, முதல் நாளே பிட்சரை நிறுத்தி வேகமாக எறியச் சொல்லாமல், ஒவ்வொரு சிறுமிக்கும் டீயில் இருபது பந்துகள் கொடுக்குமாறு எங்கள் உடற்கல்வி ஆசிரியையைக் கேட்டுக்கொள்கிறோம். வாளியும் சிமெண்டும் நாங்களே கொண்டுவருகிறோம்.