அச்சுப்படம் போதுமா?

"ஓவியம் காண அத்தனை தொலைவு போவானேன்? சிவகாசி நாட்காட்டியில் இல்லாத படமா?" என்று இராஜபாளையத்து அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். ஆகவே மறுக்கத் துணிகிறோம்.

ரூவான் பேராலயத்தின் முகப்பை மொனே 1892-க்கும் 1894-க்கும் இடையே ஏறத்தாழ முப்பது முறை தீட்டினார். அவற்றுள் ஐந்து, பாரிசில் தொடர்வண்டி நிலையமாயிருந்து 1986-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட ஒர்சேயில் உள்ளன. நூலில் கண்டபோது, மங்கலான ஏதோ கோயில் என்று பக்கத்தைப் புரட்டியவர்கள்தாம் நாமும். நேரில் நின்றபோது நாணினோம். வண்ணம் சுண்ணாம்புக் காரைபோல் தடித்து நிற்கிறது. நெருங்கினால் கோயில் மறைந்துவிடுகிறது. நாலடி பின்வாங்கினால் கல்லின்மேல் காலை வெயில்! மொனே பக்தியால் தீட்டினார் அல்லர், ஒளிக்காகவே தீட்டினார். அதனால் நமக்கென்ன குறை? வழவழப்பான தாளில் அந்தக் காரை ஏது?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைத் தொலைக்காட்சி காட்டுகிறது என்பதற்காக, வடம் பிடிக்க வரும் கூட்டம் குறைந்ததா? வாக்கு மனுவுருவானதை அறிக்கையிடும் நாம், நேர்நின்று காண்பதை வீண் என்கிறோம்! 2020-இல் ஆலயங்கள் அடைபட்டபோது திரையில் கண்ட திருப்பலி நம் பசியைத் தீர்த்ததா?

பாரிசுக்கு எல்லாராலும் போக இயலாது, மெய்தான். ஆனால், செங்கோட்டை வழியே மலை தாண்டினால் திருவனந்தபுரம். அங்குள்ள அருங்காட்சியக வளாகத்தில் இரவிவர்மாவின் மூல ஓவியங்கள் உள்ளன. மறைக்கல்விப் பிள்ளைகளை ஆண்டுதோறும் குற்றால அருவிக்கே அழைத்துச் செல்லும் பங்குகள், ஒருமுறையேனும் இன்னும் சற்றுத் தொலைவு செல்லட்டுமே.