பழைய பொருளின் முன்கதை

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின், கோலார் தங்கவயலின் அன்றாடம் ரயில் நேரத்தைச் சார்ந்ததாயிற்று. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ஏறி, ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் குடும்பங்களுக்குப் பழைய பொருள் வாங்குவது மாத வரவுசெலவைச் சார்ந்த முடிவு. அதனைச் சூழலியல் அக்கறையாக மட்டும் விளக்கும் ஆய்வுமொழி இங்குப் பொருந்தாது.

சுரங்கத் தொழிலாளரின் லைன் வீடுகளுக்குள் ஒரு தையல் இயந்திரம் கைமாறினால் அதன் முன்கதையும் உடன் வரும். பழுது எதுவென அண்டை வீட்டார் அறிவர். இன்று ராபர்ட்சன்பேட்டையில் இருந்தபடியே பெங்களூரு எஸ்.பி. சாலையின் விலையைக் கைப்பேசியில் பார்க்கலாம். சந்தை விரிந்தது உண்மையே. ஆயினும் திரையில் வருவன படமும் விலையும்தாம்.

முன்கதையை அறியும் வழிகள் ஏற்கெனவே உள்ளன என்பதே வியப்பு. *#06# என அழுத்திப் பெறும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, 2023இல் தொடங்கப்பட்ட அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் இட்டால், அக்கைப்பேசி தடைசெய்யப்பட்டதா, போலி எண்ணுடையதா எனத் தெரியும். (பேட்டரியின் நிலையை அது சொல்லாது.) இருசக்கர வாகனத்தின் பதிவு, காப்பீட்டு விவரங்களை ‘எம்பரிவாகன்’ செயலி காட்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு இத்தகைய பதிவேடு இல்லை. நட்சத்திர முத்திரையில் அச்சிட்டுள்ள ஆண்டே சான்று. தர அளவுகோல் காலந்தோறும் கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்துக்கு நிகரன்று. விலையில் மிச்சமானது மின்கட்டணத்தில் கரையக்கூடும். சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே மின்சாரம் பெற்ற ஊருக்கு இக்கணக்கு புதிதன்று.

இச்சோதனைகளை எல்லாம் வாங்குபவரின் விழிப்புணர்வுக்கே விட்டுவிடுவது நியாயமன்று. ஐ.எம்.இ.ஐ. நிலை, வாகனப் பதிவு, முத்திரை ஆண்டு ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே விளம்பரம் வெளிவர வேண்டும் என்ற விதியை விற்பனைத் தளங்கள் ஏற்க வேண்டும். விற்பவர்களின் எண்ணிக்கை சற்றுக் குறையலாம்; அது பெரிய இழப்பன்று. பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்கப் பெங்களூரின் மறுகோடிக்குச் செல்லும் தங்கவயல்காரருக்கு, பணம் திரும்பக் கிடைத்தாலும், ஒரு நாள் கூலி போய்விடுகிறது.