காவலாளிக் கூண்டா, கணினிக் காவலா?

அக்னிபத் திட்டத்தின் கீழ் படைகளில் சேர்க்கப்பட்ட முதல் அணியினரின் நான்காண்டுப் பணி 2026 இறுதியிலிருந்து நிறைவடைகிறது. அவர்களில் அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர் என்பது 2022 ஜூன் 14 அன்று ஒன்றிய அரசு அறிவித்த விதி. எஞ்சியோர் இருபதுகளின் நடுவிலேயே ஓய்வூதியமும் பணிக்கொடையும் இன்றி வெளியேற வேண்டும். அவர்கள் கையில் கிடைப்பது 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதி. அதிலும் ஏறத்தாழ ஐந்து லட்சம், அவர்களது மாதச் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்துச் சேர்த்த சொந்தப் பணம்.

இந்த இளைஞர்கள் அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு, சைபர் பாதுகாப்புத் துறை ஒரு விடையாகச் சுட்டிக்காட்டப்படுகிறது. கட்டுப்பாடு, இரகசியம் காத்தல், இரவு பகல் பாராத விழிப்பு ஆகியவை படைவீரருக்குப் பழகியவை. கணினி வலையமைப்புக்குள் யார் நுழைகிறார், எங்கே ஐயத்திற்குரிய அசைவு தெரிகிறது என முறைவைத்துக் கண்காணிக்கும் வேலைக்கும் இவையே தேவை. எனவே இந்த யோசனையில் தவறில்லை. அந்த வேலைக்குச் செல்லும் வழியை யார் அமைத்துத் தருவது என்பதே கேள்வி.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில், கோவை மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது எருத்தேன்பதி. தமிழ் பேசும் மக்கள் நிறைந்த, மழை குறைந்த, வேளாண்மையை நம்பிய பகுதி. இத்தகைய ஊரில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அக்னிவீரராகச் சென்று திரும்பும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். சைபர் பாதுகாப்பில் உலகெங்கும் பெரிதும் மதிக்கப்படும் சான்றிதழ்களில் ஒன்று சிஐஎஸ்எஸ்பி. அதன் தேர்வுக் கட்டணம் 749 டாலர். ரூபாயில் அறுபதாயிரத்திற்கும் மேல். அக்னிவீரரின் நான்காம் ஆண்டு மாதச் சம்பளம் 40,000 ரூபாய். பிடித்தம் போகக் கைக்கு வருவது 28,000. இரண்டு மாத ஊதியத்தை அப்படியே கொடுத்தாலும் கட்டணத்திற்குப் போதாது. தேர்வில் வென்றாலும் முழுச் சான்றிதழ் பெறுவதற்கு அத்துறையில் ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். பட்டதாரிக்கு ஓராண்டு சலுகை உண்டு. அக்னிவீரரின் மொத்தப் பணிக்காலமே நான்காண்டு. அதிலும் துப்பாக்கி ஏந்தி எல்லையில் நின்ற நாட்கள் இந்தக் கணக்கில் சேரா.

மொழி மற்றொரு சுவர். 2025இல் அக்னிவீரர் பொது நுழைவுத் தேர்வு தமிழ், மலையாளம் உள்ளிட்ட 13 மொழிகளில் நடத்தப்பட்டது. படைக்கு ஆள் எடுக்கத் தாய்மொழி பயன்படுகிறது. ஆனால் படையிலிருந்து வெளியே வந்தவர் கற்க வேண்டிய தொழில்நுட்பம் ஆங்கிலத்தில் மட்டுமே காத்திருக்கிறது. ஆக, படையிலேயே தகவல் தொடர்புப் பிரிவில் கணினியோடு பணியாற்றியவர்க்கும், பட்டம் பெற்ற அதிகாரிகளுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. சாதாரணச் சிப்பாய்க்கு என்ன மிஞ்சுகிறது? முன்னாள் படைவீரர்க்கெனத் தமிழகத்தில் டெக்ஸ்கோவும் கேரளத்தில் கெக்ஸ்கானும் இயங்குகின்றன. இவை பெரும்பாலும் தருவது பாதுகாவலர் பணி. உழைத்துண்ணும் எந்த வேலையும் இழிவன்று. ஆனால் நாட்டைக் காக்கப் பயிற்சி பெற்ற இளைஞர், 24 வயதில் ஏதோ ஓர் அடுக்குமாடி வாயிலின் கூண்டில் அமர்வதே அரசு காட்டும் எதிர்காலமாக இருக்கலாமா?

நாட்டிற்கு இத்தகைய வேலையாட்கள் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2013ஆம் ஆண்டின் தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கையே ஐந்தாண்டுகளில் ஐந்து லட்சம் வல்லுநர்களை உருவாக்குவதாக இலக்கு வைத்தது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, பல நாட்கள் நோயாளர் விவரங்களைக் கையால் எழுத நேர்ந்தது. 2024இல் மட்டும் சைபர் மோசடிகளில் மக்கள் இழந்த பணம் 22,845 கோடி ரூபாய் என ஒன்றிய உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் கூறியது. தேவை இருக்கிறது; ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் பொறுப்பை அரசு தனியார் சந்தையிடம் விட்டுவிட்டது.

சந்தையிடம் விட்டால் என்னவாகும் என்பதற்கு இஸ்ரேல் ஓர் எச்சரிக்கை. அந்நாட்டுப் படையின் யூனிட் 8200 என்னும் உளவுப் பிரிவில் பணியாற்றியோர் பலர் தனியார் நிறுவனங்களுக்குச் சென்றனர். அவ்வாறு சென்ற பலரைக் கொண்டிருந்த என்எஸ்ஓ நிறுவனம்தான் பெகாசஸ் உளவு மென்பொருளை உலகெங்கும் விற்றது. இந்தியாவில் பத்திரிகையாளர், எதிர்க்கட்சித் தலைவர், செயற்பாட்டாளர் ஆகியோரின் எண்கள் இலக்குப் பட்டியலில் இருந்ததாக 2021 ஜூலையில் செய்திகள் வெளியாயின. உச்சநீதிமன்றம் அமைத்த குழு ஆய்ந்த 29 கைபேசிகளில் ஐந்தில் தீநிரல் இருந்தது. அது பெகாசஸ்தானா என்று உறுதி செய்ய இயலவில்லை. ஒன்றிய அரசு குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை என்பதும் நீதிமன்றத்திலேயே பதிவானது. படையில் கற்ற திறன் மக்களைக் காக்கவும் பயன்படும், மக்களை வேவு பார்க்கவும் பயன்படும். எதற்குப் பயன்படும் என்பதை முடிவு செய்வது, அந்தத் திறன் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதே.

ஆகவே தீர்வு பொதுத்துறையில்தான் இருக்கிறது. கேரளத்தின் 941 கிராமப் பஞ்சாயத்துகளும் இன்று கணினி வழியாகவே மக்களுக்குச் சேவை அளிக்கின்றன. அரசு மருத்துவமனைகள், மின் வாரியம், கூட்டுறவு வங்கிகள் ஆகிய அனைத்தும் வலையமைப்பில் இயங்குகின்றன. இவற்றில் சைபர் பாதுகாப்புக்கென நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கி, உரிய பயிற்சி பெற்ற முன்னாள் படைவீரர்க்கு அதில் பங்கு அளிக்கலாம். 2016 முதல் இயங்கும் கேரளக் காவல்துறையின் சைபர்டோம் தன்னார்வலர்களின் உதவியைப் பெற்றே வளர்ந்தது. அடுத்த கட்டம் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் உள்ள வேலையாக இருக்க வேண்டும்.

ஒன்றிய அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. அக்னிபத் என்னும் ஒப்பந்த முறையைக் கைவிட்டு, நிரந்தரப் பணியையும் ஓய்வூதியத்தையும் மீட்க வேண்டும். ஏற்கெனவே சேர்ந்தவர்க்குக் கடைசி ஓராண்டை முழு ஊதியத்துடன் கூடிய பயிற்சிக் காலமாக்க வேண்டும். சி-டாக் போன்ற அரசு நிறுவனங்கள் வழியாக, தாய்மொழியில், கட்டணமின்றி அப்பயிற்சி அமைய வேண்டும். அதற்கு அரசே சான்றிதழ் வழங்கி, அரசுப் பணிகளில் அதை ஏற்க வேண்டும். கண்காணிப்பு அதிகாரம் எதுவாயினும் அது நாடாளுமன்ற மேற்பார்வைக்கு உட்பட வேண்டும்.

இளமையின் நான்கு ஆண்டுகளை வாங்கிக்கொண்ட அரசுக்கு, அதன்பின் வரும் நாற்பது ஆண்டுகளைப் பற்றிய பொறுப்பும் உண்டு. எல்லையோரச் சிற்றூர்கள் முதல் பெருநகரங்கள் வரை, வேலைக்காகப் போராடும் இளைஞர் அமைப்புகளும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் இக்கோரிக்கையை ஒன்றிணைந்து எழுப்ப வேண்டிய காலம் இது.