சிறு வணிகத்திற்கு ஏற்ற சர்வர்ச் செயலி

2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரி, சிறு வணிக நிலையங்களின் கணக்குகளை ஏட்டிலிருந்து கணிப்பொறிக்கு விரைந்து மாற்றிற்று. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைக் கடந்தோர் பிற வணிகர்களுக்கு விற்கும்போது, 2023 ஆகஸ்டு முதல் மின்னணுப் பட்டியல் அளித்தல் வேண்டும். பத்துப் பதினைந்து பேர் ஒரே கணக்கைக் கையாளும் இடங்களில், சர்வர் எனப்படும் பொதுக் கணிப்பொறி ஒன்று இன்றியமையாததாகிறது. அதனை வாங்குமுன் ஆலோசனை கேட்கப்படுவோர் பெரும்பாலும் களப்பணியாளரோ, கணிப்பொறி கற்பிக்கும் ஆசிரியரோ ஆவர்.

அவர்களிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, செயலியில் எத்தனை கோர்கள் இருத்தல் வேண்டும் என்பதே. இது தவறான தொடக்கம். பிழை திருத்தும் நினைவகத்தை அச்செயலி ஏற்குமா என்பதையே முதலில் கேட்டல் தகும்.

5,000 என்னும் எண் இருமக் குறியீட்டில் 13 இலக்கங்கள் உடையது. நினைவகத்தில் அதன் முதலிலக்கம் மட்டும் 1 என்பதிலிருந்து 0 என மாறிவிடின், எஞ்சுவது 904. கணிப்பொறி நின்றுபோகாது, எச்சரிக்கையும் செய்யாது, தவறான தொகையையே வட்டில் எழுதிவைக்கும். அன்றிரவு எடுக்கப்படும் காப்புப் பிரதியிலும் அத்தவறே இடம்பெறும். இஃது அரிதினும் அரிதான கற்பனை அன்று. கூகுள் நிறுவனத்தின் கணிப்பொறிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரை, ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணிப்பொறிகளில் ஒருமுறையேனும் நினைவகப் பிழை நேர்ந்தமையைக் காட்டிற்று.

இதற்கு மாற்று புதியதன்று. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஹாமிங், வார இறுதியில் ஆளின்றி ஓடிய கணிப்பொறி பிழை கண்டதும் வேலையைக் கைவிட்டுவிடுவது கண்டு சலிப்புற்று, பிழையைக் கண்டறிவதோடு திருத்தவும் வல்ல குறியீட்டு முறையை வகுத்து 1950இல் வெளியிட்டார். அக்கருத்தின் வழிவந்ததே ஈ.சி.சி. நினைவகம். இக்காலத்து டி.டி.ஆர்.5 நினைவகம் எதுவாயினும் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் எனக் கூறி விற்போர் உளர். அத்திருத்தம் சில்லின் உள்ளே மட்டும் நிகழ்வது; நினைவகத்திற்கும் செயலிக்கும் இடைப்பட்ட வழியில் நேரும் பிழையை அது காவாது. மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சிலவும் ஈ.சி.சி.யை ஏற்கும் என்பது உண்மையே. ஆயினும் தாய்ப்பலகையும் இசைந்தாலன்றிப் பயனில்லை.

இத்தகுதியுடைய சிறு செயலிகளில், 2023 டிசம்பரில் இன்டெல் வெளியிட்ட சியான் ஈ-2400 வரிசையும், 2024 மே மாதத்தில் ஏ.எம்.டி. வெளியிட்ட ஈபிக் 4004 வரிசையும் குறிப்பிடத்தக்கவை. முன்னதில் கோர்கள் 4 முதல் 8 வரை. பின்னதில் 4 முதல் 16 வரை. கணக்கெழுதுதல், கோப்பு வழங்குதல், அச்சிடுதல் ஆகியவற்றோடு நிற்கும் அலுவலகத்திற்கு, வேகமிக்க 4 கோர்களே போதும். ஒரு பட்டியலைப் பதிவு செய்யும் வேலையைப் பல கோர்களுக்குப் பகிர்ந்தளிப்பது எளிதன்று. ஆகவே தனிக் கோரின் வேகமே அங்கே உணரப்படும். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று மெய்நிகர்க் கணிப்பொறிகளை இயக்குவோர் 6 அல்லது 8 கோர்களை நாடுதல் தகும்.

விண்டோஸ் சர்வருக்கு, 2016ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், குறைந்தது 16 கோர்களுக்கு உரிமத்தொகை செலுத்தியே ஆகவேண்டும். செலுத்திய பணம் வீணாகாதிருக்க 16 கோர்ச் செயலியையே வாங்குக என்பர் சிலர். இவ்வாதம் கேட்பதற்கு இனிது. கட்டணம் ஒன்றே என்பதற்காகப் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை செல்வதை ஒத்தது. ஈபிக் 4564பி என்னும் 16 கோர்ச் செயலியின் வெப்ப அளவு 170 வாட். 6 கோருடைய 4244பியினது 65 வாட். கடையின் பின்னறையில், குளிர்சாதனமின்றி, மே மாதத்து வெயிலில் இவ்வேறுபாடு சிறிதன்று. அன்றியும், எஸ்.கியூ.எல். சர்வர் போன்ற தரவுத்தள மென்பொருளைக் கோர்க் கணக்கில் வாங்குவோர்க்கு, நான்கிற்கு மேற்பட்ட ஒவ்வொரு கோரும் உரிமச் செலவை உயர்த்தும்.

மிச்சமாகும் தொகையைக் கொண்டு இரண்டாவது எஸ்.எஸ்.டி. வட்டும் நல்ல யு.பி.எஸ்.ஸும் வாங்கலாம். நினைவகம் 32 ஜி.பி. எனில், அதனை ஒரே துண்டாக வாங்காது 16 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்குதல் வேண்டும். மேற்கூறிய இருவகைச் செயலிகளும் நினைவகத்தோடு இரு வழிகளில் தொடர்பு கொள்பவை. ஒரு துண்டு மட்டும் இருப்பின் ஒரு வழி வெறிதே கிடக்கும். விலைப்புள்ளி கோரும்போது ஈ.சி.சி. யு.டி.ஐ.எம்.எம். எனத் தெளிவாக எழுதிக் கேட்டல் நன்று. பெரிய சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் ஆர்.டி.ஐ.எம்.எம். துண்டுகளும் ஈ.சி.சி. வகையினவே, எனினும் இச்சிறு சர்வர்கள் அவற்றை ஏற்பதில்லை.