தோலின் நிறம் அழுக்கல்ல



கலியாணப் பேச்சுத் தொடங்கினால் போதும், "பிள்ளை கொஞ்சம் வெளுத்தால் நல்லது" என்று யாராவது ஒரு கிறீமைக் கொண்டுவந்து தந்துவிடுகிறார்கள். அதைப் பூசுவதற்கு முன்னர், எதன்மேல் பூசுகிறோம் என்பதைச் சற்று அறிந்துகொள்வோம்.

நமது உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல்தான். வெளியே தெரிவது மேற்றோல். இதன் அடியில் பிறக்கும் புதிய கலங்கள் மெல்ல மேலேறி, இறந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடுகின்றன. மேற்றோலுக்குக் கீழே உள்ள உட்டோலில் இரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், முடியின் வேர்கள் ஆகியன உள்ளன. அதற்கும் கீழே கொழுப்புப் படை மெத்தைபோல் அமைந்திருக்கிறது. கிருமிகளைத் தடுப்பதும், வியர்வையால் உடலைக் குளிர்விப்பதும், வெயிலின் உதவியோடு விற்றமின் டி தயாரிப்பதும் தோலின் வேலைகள்.

முடியும் நகமும் தோலிலிருந்து வளர்பவையே. இரண்டும் கெரற்றின் என்ற புரதத்தால் ஆனவை. வெளியே தெரியும் பகுதிக்கு உயிரில்லை. அதனால்தான் வெட்டும்போது நோவதில்லை. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரும் கைநகம் 3 மில்லிமீற்றரும் வளரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு.

இனி நிறத்துக்கு வருவோம். மேற்றோலின் அடியில் மெலனின் என்ற நிறப்பொருளைத் தயாரிக்கும் கலங்கள் இருக்கின்றன. கறுப்பானவருக்கும் வெள்ளையானவருக்கும் இவற்றின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். தயாரிக்கப்படும் மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் குடை இது. தேய்த்து அகற்ற வேண்டிய அழுக்கல்ல.

விரைவாக வெளுக்கச் செய்யும் சில கிறீம்களில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது மெலனின் உண்டாவதைத் தடுக்கும். ஆனால் தோலினூடாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவையும் அது சென்றடையும். பூசியவரின் தோலிலிருந்தும் துணியிலிருந்தும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரவலாம். இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய கிறீம்களைத் தடை செய்கிறது. ஆயினும் உலகின் பல நாடுகளில் இவை களவாக விற்கப்படுகின்றன. வேறு சில கிறீம்களில் ஸ்ரெரோயிட் மருந்து இருக்கும். நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்போல் வெளியே தெரியத் தொடங்கும்.

ஆகவே கவனியுங்கள்:

* தயாரித்தவர் பெயரும் உள்ளடக்கமும் எழுதப்படாத கிறீமை வாங்காதீர்கள்.
* "தங்க, வெள்ளி நகைகளில் படக்கூடாது" என்று பெட்டியில் இருந்தால் பாதரசம் இருக்கலாம். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது.
* ஏற்கனவே பூசி வருபவர்கள் வெட்கப்படாமல், கிறீமையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். ஸ்ரெரோயிட் கிறீமைத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம். எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்லுவார்.

பெண் பார்க்க வருபவர்கள் ஒரு நாள் வந்து போவார்கள். சிறுநீரகமோ ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும். இதை உங்கள் மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.