பயத்தைப் போக்குங்கள், பிரசவம் எளிதாகும்!

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பார்கள். அந்த நேரத்தில் தாயின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? இதைப் பெண்கள் மட்டும் அல்ல, ஆண்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அருகே, மலையடிவாரத்தில் இருக்கிறது மம்சாபுரம். ஒரு காலத்தில் இதுபோன்ற ஊர்களில் மருத்துவச்சி வீடு தேடி வந்து பேறுகாலம் பார்த்தாள். இன்று வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடந்தன. இது நல்ல மாற்றம்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 100-க்கு 45 பிரசவங்கள் ஆபரேஷன் மூலம் நடந்தன. அரசு ஆஸ்பத்திரிகளில் 36. தனியார் ஆஸ்பத்திரிகளில் 64! 2015-16-ல் இந்த மாநில அளவு 34-ஆக இருந்தது.

உடம்பின் அபாய மணி

தோட்டத்தில் திடீரென்று பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது; வியர்த்துக் கொட்டுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள்தான் இதற்குக் காரணம். அவை அட்ரினலின், கார்ட்டிசால் என்ற நீர்களை ரத்தத்தில் கலக்கின்றன. ஆபத்தைச் சமாளிக்க உடம்பு அடிக்கும் அபாய மணி இது.

பிரசவ வலியின்போதும் இந்த மணி அடிக்கிறது. சுகப் பிரசவத்தில் கார்ட்டிசால் ஏறிக்கொண்டே போய், குழந்தை பிறக்கும் வேளையில் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு தணிகிறது. இந்தச் சிரமம் வீண் அல்ல. வலியின்போது குழந்தையின் உடம்பிலும் இதுபோன்ற நீர்கள் சுரக்கின்றன. நுரையீரலில் உள்ள நீர் வற்றி, குழந்தை மூச்சு விட அவை உதவுகின்றன.

வலி வருவதற்கு முன்பே நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனில், குழந்தையை எடுக்கும் நேரத்தில் தாய்க்குக் கார்ட்டிசால் குறைவாகவே இருக்கும். முதுகில் போடும் ஊசி வலியை மரக்கச் செய்துவிடுகிறது. ஆனால் மருந்து இறங்கிய பிறகு, தையல் போட்ட வயிற்றின் வலியை உடம்பு தாங்கியாக வேண்டும்.

மணிக்கணக்கில் வலி கண்டு, கடைசியில் அவசரமாக ஆபரேஷன் செய்தால் தாய்க்கு இரட்டைச் சுமை. வலியும் உண்டு, கத்தியும் உண்டு. போதாக்குறைக்குத் திகிலும் சேர்ந்துகொள்கிறது!

பயம் செய்யும் கேடு

கருப்பையைச் சுருங்கச் செய்வது ஆக்சிடோசின் என்ற நீர். தாய் மிகவும் பயந்தால் அட்ரினலின் பெருகுகிறது. அதனால் கருப்பையின் வேலை மந்தமாகிறது. பிரசவம் நீளுகிறது, வலி கூடுகிறது, பயம் மேலும் ஏறுகிறது.

இதற்கு மருந்து என்ன? பக்கத்தில் ஒரு துணை! தாயோ, அக்காளோ, பிரசவ அனுபவமுள்ள வேறொரு பெண்ணோ கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னால் பிரசவ நேரம் குறைகிறது, ஆபரேஷனும் குறைகிறது. ஆய்வுகள் காட்டிய உண்மை இது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இதை எல்லா நாடுகளுக்கும் சிபாரிசு செய்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் துணை இருக்க 2016-ல் மத்திய அரசும் அனுமதி அளித்தது. ஆகவே, கர்ப்பிணியை அழைத்துச் செல்லும்போது, "துணைக்கு ஒருவர் கூட இருக்கலாமா?" என்று கேளுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

நல்ல நேரம் பார்த்து ஆபரேஷன் செய்யும்படி டாக்டரை வற்புறுத்தாதீர்கள். காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன்பே குழந்தையை எடுத்தால், அது மூச்சுக்குத் திணறக்கூடும்.

குழந்தை குறுக்கே கிடந்தாலும், நஞ்சு வழியை அடைத்தாலும், குழந்தையின் நாடித்துடிப்பு தளர்ந்தாலும் ஆபரேஷன் இரண்டு உயிர்களைக் காப்பாற்றுகிறது. அப்போது தயங்கக் கூடாது. ஏன் ஆபரேஷன் என்று டாக்டரிடம் கேட்டு, கர்ப்பிணிக்கும் புரியும்படி சொல்லுங்கள். விஷயம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஆபரேஷனில் பெற்றவளைப் பார்த்து, "உனக்குச் சுகப் பிரசவம் ஆகவில்லையே" என்று யாரும் குத்திக்காட்ட வேண்டாம். தையல் காயம் ஆறிவிடும். சொல்லின் காயம் எளிதில் ஆறாது. எந்த வழியில் பெற்றாலும் அவள் தாய்தான். அவளுக்கு ஓய்வு கொடுங்கள், உணவு கொடுங்கள், அன்பான சொல்லும் கொடுங்கள்!