‘டை’ என்னும் ஒரு சொல் போதுமா?

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே நோயாளியிடம் பெரும்பாலும் ஒரே தொடர்தான் சொல்லப்படுகிறது: “டை ஊசி போடணும், கையெழுத்துப் போடுங்க.” ‘டை’ என்றதும் மனத்தில் தோன்றுவது தலைமுடிச் சாயம். அந்த ஊசியோ எதற்கும் நிறமேற்றுவதில்லை. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் நடந்துகொள்ளும் விதத்தை அது மாற்றுகிறது. அதனால் படத்தில் ஓரிடம் மற்றோரிடத்திலிருந்து பிரிந்து தெரிகிறது.

சொல் தவறு என்பதோடு சிக்கல் முடிவதில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு பொருள்கள் அடங்கிவிடுகின்றன. பரவலாகப் பயன்படும் காடோலினியச் சேர்மங்கள் பொதுவாகத் திசுவை வெளிச்சமாக்குகின்றன. பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுகின்றன. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்றோருக்கு அவற்றுள் சில, தோலையும் மூட்டுகளையும் இறுக்கும் அரிய நோயை உண்டாக்கக்கூடும் என்பது 2006இல் வெளிப்பட்டது. புதிய வகைகளில் அந்த இடர் மிகவும் குறைவு.

காந்த நானோ துகள்களின் வழி வேறு. டெக்ஸ்ட்ரான் போன்ற மாவுப்பொருள் உறையிட்ட இரும்பு ஆக்சைடு துகள்களைக் கல்லீரலின் குஃப்பர் உயிரணுக்கள் விழுங்குகின்றன; நலமான பகுதி கறுக்கிறது, அவ்வுயிரணுக்கள் இல்லாத கட்டி வெளிச்சமாக எஞ்சுகிறது. துகளின் இரும்பு உடலின் இரும்புச் சேமிப்பிலேயே கலக்கிறது. 1996இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட ஃபெரிடெக்ஸ் 2008இல் சந்தையை விட்டு நீங்கியது. இரத்தசோகை மருந்தாக 2009இல் வந்த ஃபெருமாக்சிடால், காடோலினியம் ஒவ்வாத சிறுநீரக நோயாளிகளுக்குப் படமெடுக்க உதவுகிறது. அதற்கும் ஓர் இடருண்டு: கடும் ஒவ்வாமை. 2015இல் அதற்கான எச்சரிக்கை மேலும் கடுமையாக்கப்பட்டது.

ஆக, ஒன்றில் கேட்க வேண்டிய முதற்கேள்வி சிறுநீரகம் பற்றியது. மற்றொன்றில் ஒவ்வாமை பற்றியது. ‘டை’ இரண்டையும் மறைக்கிறது.

தமிழ் எழுத்துமுறை இதற்கு நல்ல பாடம். ககரம் இடத்திற்கேற்ப வேறுவேறாக ஒலித்தாலும் பொருள் மாறுவதில்லை, ஓரெழுத்தே போதுகிறது. ல, ள, ழ பொருளை மாற்றுகின்றன, ஆகவே மூன்றெழுத்து. பொருள் மாறுமிடத்தில் குறியும் மாற வேண்டும் என்பது மொழியின் சிக்கனமே தவிர ஆடம்பரமன்று.

மருத்துவருக்கு நேரமில்லை என்பது உண்மை. ஆனால் ‘காடோலினிய ஊசி’, ‘இரும்புத்துகள் ஊசி’ என்று சொல்ல ஒரு நொடிதான் கூடுதலாகும். தனித்தமிழா, கடன்சொல்லா என்ற வழக்கு இங்கே இரண்டாம் நிலையே.

1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும், அதன் பொறுப்பிலுள்ள தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் மைசூருவில்தான் இயங்குகின்றன. பாடநூல்களை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவரும் அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் பாடநூலைத் திறவாத மனிதரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுகிறார். கலைச்சொல்லாக்கம் அந்தத் தாளையும் தன் நூலாகக் கொள்ள வேண்டும். கதிரியக்க மருத்துவரும் மொழியியலாளரும் ஒரே மேசையில் அமர்ந்து, இரண்டு பக்கப் படிவம் ஒன்றைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுவதிலிருந்து அது தொடங்கலாம்.